முகவரியும் முகமூடியும்

மடல் ஒன்று உரியவர் கையைச் சென்று சேர்வதற்கு முகவரி இன்றியமையாதது. முகவரியின்கண் ஊர், தெரு, வீட்டு எண் என்பன முறையாக அமைந்திருக்கும். தொலைவிலுள்ள அஞ்சல் நிலையத்தார் ஊரின் பெயரை மட்டுமே நோக்குவர். தெருவைப் பற்றி அவர்க்குக் கவலை இல்லை. மடல் ஊரை அடைந்த பின்னரே தெருவின் பெயர் பயன்படும். தெருவை அடைந்த பின்னரே வீட்டு எண் பயன்படும். இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் நோக்கி, எஞ்சியதை அடுத்தவர்க்கு விட்டுவிடுவதனாலேயே மடல்கள் உலகெங்கும் இடையூறின்றிச் செல்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் உள்ள தெருக்கள் அனைத்தையும் எல்லா அஞ்சல் நிலையத்தாரும் நினைவிற் கொள்ளவேண்டும் என்றிருப்பின், அப்பணி ஒரு நாளும் நடவாது.

கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இணையத்திற்கும் இதுவே நெறி. ஆயினும் இந்நெறி தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்துவிடவில்லை. பெரிய பல்கலைக்கழக வளாகங்களில் எழுந்த ஓர் இடர்ப்பாடே அதனை முழுமையாக்கிற்று. அவ்வரலாற்றையும் அதனின்று பிறந்த முறையையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

இணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. இதனை ஐ.பி. முகவரி என்பர். 1981ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளியானதும், இன்றும் பெருவழக்காக உள்ளதுமான விதியின்படி, இம்முகவரி 32 இலக்கங்களால் ஆனது. கணினி அறிந்த இலக்கங்கள் 0, 1 என்னும் இரண்டே. அவ்விலக்கம் ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். முப்பத்திரண்டு பிட்டுகளை மாந்தர் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஆதலின் அவற்றை எட்டெட்டாக நான்கு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதி, இடையிடையே புள்ளி இடுவர். 36.40.0.123 என்பது அத்தகைய ஒரு முகவரி. இம்முறையால் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அஃதாவது ஏறத்தாழ 430 கோடி.

முகவரியின் முற்பகுதி, கணினி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். அது வலை எண். பிற்பகுதி, அவ்வலையுள் அஃது எந்தக் கணினி என்பதைக் காட்டும். அது கணினி எண். முற்பகுதி எங்கே முடிகிறது? பிற்பகுதி எங்கே தொடங்குகிறது? தொடக்க காலத்தில் இதற்கு மூன்று வகுப்புகளை ஏற்படுத்தியிருந்தனர். 'ஏ' வகுப்பில் முதல் 8 பிட்டுகள் வலை எண். அத்தகைய வலை ஒன்றில் 16,777,216 முகவரிகள் அடங்கும். 'பி' வகுப்பில் 16 பிட்டுகள் வலை எண். அதில் 65,536 முகவரிகள் அடங்கும். 'சி' வகுப்பில் 24 பிட்டுகள் வலை எண். அதில் அடங்குவன 256 முகவரிகளே. ஒரு நிறுவனம், ஒரு வலை, ஓர் எண் என்பதே அன்று கருதப்பட்ட ஒழுங்கு.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் உள்ளது. அதன் நிலப்பரப்பு 8,000 ஏக்கருக்கும் மேற்பட்டது. அதற்கு 36 என்னும் எண்ணுடைய 'ஏ' வகுப்பு வலை ஒன்று வழங்கப்பட்டிருந்தது. ஈதர்நெட் என்னும் வடவழித் தொடர்புமுறை, அண்மையிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973ஆம் ஆண்டில் தோன்றியது. அது விரைவில் பல்கலைக்கழகத்திலும் இடம்பெற்றது. கணினியியல் துறையார் தம் கட்டடத்தில் ஒரு வடம் அமைத்தனர். மருத்துவத் துறையார் தம்மிடத்தில் ஒரு வடம் அமைத்தனர். மின்பொறியியல் துறையாரும் அவ்வாறே செய்தனர். ஒரு வடத்திலுள்ள கணினி மற்றொரு வடத்திலுள்ள கணினியோடு பேசுதற்கு இடையே ஒரு கருவி வேண்டும். வரும் செய்தியின் முகவரியைப் பார்த்து அதனை உரிய வழியில் செலுத்தும் அக்கருவியைத் திசைவி என்றும், ரௌட்டர் என்றும் கூறுவர். 1980களின் தொடக்கத்தில் வில்லியம் யேகர் என்பார் இத்துறைகளை இணைப்பதற்கான திசைவியின் செய்நிரலை எழுதினார்.

கருவி கிடைத்தது. ஆயின் எண்ணும் முறை கிடைக்கவில்லை. வளாகத்தில் இருப்பது ஒரு வலையன்று, பல வலைகள். விதியோ ஒரு நிறுவனத்தை ஒரு வலை என்றே கருதிற்று. இந்நிலையில் செய்யத்தக்கது யாது?

அக்காலத்தில் ஸ்டான்போர்டில் ஆய்வு மாணவராயிருந்த ஜெஃப்ரி மோகல் என்பார், 1984ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டு இவ்வினாவை ஆராய்ந்தார். அவர் மூன்று வழிகளைச் சீர்தூக்கினார். ஒவ்வொரு வடத்திற்கும் தனித்தனி வலை எண் பெறுதல் முதல் வழி. இதனைக் கைக்கொண்டால், வளாகத்தின் உட்பிரிவுகள் எல்லாம் உலகிலுள்ள திசைவிகளின் பட்டியலில் ஏறிவிடும்; ஒரு துறை புதிய வடம் அமைக்குந்தோறும் அப்பட்டியல் நீளும். தெருக்கள் அனைத்தையும் எல்லா அஞ்சல் நிலையத்தாரும் மனப்பாடம் செய்வதை இது ஒக்கும். வளாகம் முழுமைக்கும் ஒரே எண் கொண்டு, எந்தக் கணினி எந்த வடத்தில் உள்ளது என்பதை நோக்காமல் எண்களை வழங்குதல் இரண்டாம் வழி. இதில் முகவரியைக் கண்ட அளவில் கணினி இருக்குமிடம் விளங்காது; ஒவ்வொன்றையும் தேடிக் காணவேண்டும். வெளியுலகிற்கு ஓர் எண்ணையே காட்டி, உள்ளே கணினி எண்ணின் ஒரு பகுதியைப் பிரித்து வடங்களுக்குரிய எண்ணாக்குதல் மூன்றாம் வழி. ஊர்ப்பெயர் மாறாது, ஊருக்குள் தெருக்கள் தோன்றும். இம்மூன்றாம் வழியே சிறந்தது என அவர் தெளிந்தார். 1985ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரும் ஜான் போஸ்டெல் என்பாரும் இணைந்து வெளியிட்ட விதியால் இஃது இணையத்தின் பொது நெறியாயிற்று. இவ்வாறு பிரிக்கப்பட்ட வலையைத் துணைவலை அல்லது சப்நெட் என்பர்.

துணைவலை எண் எதுவரை, கணினி எண் எதுமுதல் என்பது வளாகத்திற்கு வளாகம் வேறுபடும். அதனைக் கணினி அறிந்துகொள்ளும் பொருட்டு மற்றோர் எண்ணையும் அதற்கு வழங்குவர். அதுவும் 32 பிட்டுகள் கொண்டது. வலையையும் துணைவலையையும் குறிக்கும் இடங்களில் 1 இருக்கும்; கணினியைக் குறிக்கும் இடங்களில் 0 இருக்கும். 1 உள்ள இடத்தில் முகவரியின் இலக்கம் அப்படியே தோன்றும். 0 உள்ள இடத்தில் அது மறைந்துபோம். ஒரு பகுதியைக் காட்டி மறுபகுதியை மறைத்தலின் இவ்வெண்ணிற்குத் துணைவலை முகமூடி என்பது பெயர். சப்நெட் மாஸ்க் என்று வழக்கில் கூறுவதும் இதுவே.

1985ஆம் ஆண்டு விதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. முகவரி 36.40.0.123, முகமூடி 255.255.0.0. எட்டு பிட்டுகளும் 1 ஆயின் அதன் மதிப்பு 255. ஆகவே முதல் இரண்டு கூறுகள் தோன்றும். பின்னிரண்டு கூறுகள் மறையும். எஞ்சி நிற்பது 36.40.0.0. இதில் 36 என்பது பல்கலைக்கழகம். 40 என்பது அதனுள் ஒரு துணைவலை. இக்கணினி 36.40.0.62 என்னும் முகவரிக்குச் செய்தி விடுக்க விரும்பினால், முதலில் அம்முகவரிக்கும் இம்முகமூடியை இட்டுப் பார்க்கும். விடை 36.40.0.0 என வரும். இரண்டும் ஒன்றாதலின், 'இவர் நம் தெருவினர்' எனத் தெளிந்து தன் வடத்திலேயே நேரே செய்தியை விடுக்கும். 36.44.0.9 என்பதற்கு முகமூடியை இட்டால் 36.44.0.0 என வரும். 'இவர் அயல் தெருவினர்' எனத் தெளிந்து செய்தியைத் திசைவியிடம் ஒப்படைக்கும். கணினி செய்யும் ஆராய்ச்சி இவ்வளவே.

இத்துணை எளிய எண்ணில் பிழை நேர்ந்தால் விளைவது யாது? மேற்கூறிய கணினிக்கு 255.255.0.0 என்பதற்கு மாறாக 255.0.0.0 என்னும் முகமூடியைத் தவறாக இட்டுவிட்டதாகக் கொள்க. அப்போது அக்கணினிக்கு 36 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் தன் தெருவாகவே தோன்றும். 36.44.0.9 என்னும் கணினியை நாடி அது தன் வடத்திலேயே, 'இவ்வெண்ணுக்குரியவர் யார்?' என்று கூவும். உரியவரோ வேறு கட்டடத்தில் இருக்கின்றார். அக்கூவல் அவர் செவியில் விழாது. செய்தி நின்றுபோம். ஆனால் கடல் கடந்த நாட்டிலுள்ள கணினியின் முகவரி 36 என்று தொடங்காமையால், அதற்குரிய செய்தி திசைவி வழியாகச் செவ்வனே சென்று சேரும். உலகின் மறுகோடி அண்மையதாகவும், அடுத்த கட்டடம் எட்டாததாகவும் ஆகிவிடுகின்ற இவ்வியப்பிற்குக் காரணம் ஓர் எண்ணின் பிழையே. வலையமைப்பை மேற்பார்ப்போர், 'வெளியில் செல்கிறது. உள்ளே செல்லவில்லை' என்ற முறையீடு வந்தவுடன் முகமூடியை முதலில் நோக்குவது இதனாலேயாம்.

இனி, துணைவலையின் அளவை வரையறுக்கும் முறையைக் காண்போம். 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை நான்கு துறைகளுக்குப் பங்கிட வேண்டும் எனின், கடைசிக் கூற்றில் இரண்டு பிட்டுகளைத் துணைவலைக்கு ஒதுக்குவர். அக்கூறு இரும முறையில் 11000000 ஆகும். அதன் மதிப்பு 192. எனவே முகமூடி 255.255.255.192. முதல் துறைக்கு 0 முதல் 63 வரை. இரண்டாம் துறைக்கு 64 முதல் 127 வரை. மூன்றாம் துறைக்கு 128 முதல் 191 வரை. நான்காம் துறைக்கு 192 முதல் 255 வரை. பங்கு ஒன்றுக்கு 64 முகவரிகள். அவற்றுள் முதல் எண் துணைவலையையே குறிக்கும். இறுதி எண் அனைவரையும் ஒருங்கே அழைத்தற்கு உரியது. அவ்விரண்டும் நீங்கக் கணினிகளுக்குக் கிடைப்பவை 62.

ஒரு துறையில் இன்று 60 கணினிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 62 முகவரிகள் போதும் என்று அளந்து கொடுத்தால், அடுத்த ஆண்டு ஒரு புதிய ஆய்வுக்கூடம் எழுந்தவுடன் எண் போதாது. அப்போது துறை முழுவதற்கும் எண்களை மாற்ற நேரிடும். அதற்கு அஞ்சி எல்லாத் துறைகளுக்கும் 256 முகவரிகள் வீதம் வாரி வழங்கினால், பத்துக் கணினிகளே உள்ள துறையில் பெரும்பகுதி வீணாகும். இன்றைய தேவையையும் நாளைய வளர்ச்சியையும் ஒருங்கே எண்ணிப் பகுத்தலே மேற்பார்ப்போரின் கடமை. எந்த எண் எந்தத் துறைக்கு, எந்தக் கட்டடத்திற்கு வழங்கப்பட்டது என்பதைப் பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்தலும் வேண்டும். இரு கணினிகளுக்கு ஓர் எண் வழங்கப்படின் இரண்டும் இடர்ப்படும். இக்காலத்தில் முகவரியையும் முகமூடியையும் கணினிகளுக்குத் தானே வழங்கும் பொறியமைப்பு உண்டு. ஆயினும் எவ்வளவு வழங்குவது, எங்கே பிரிப்பது என்னும் முடிவு மனிதருடையதே.

வளாகத்திற்குள் தோன்றிய இப்பாடத்தை உலகமும் பின்னர்க் கற்றது. 256 போதாத நிறுவனம் 65,536 பெறுவதும், பெற்றவற்றுள் பெரும்பகுதியைப் பயன்படுத்தாதிருப்பதும் பழைய வகுப்பு முறையின் குறையாகும். 1993ஆம் ஆண்டில் அவ்வகுப்பு முறை கைவிடப்பட்டது. வலை எண் எந்த இடத்திலும் முடியலாம் என்றும், அவ்விடத்தை முகமூடியே காட்டும் என்றும் புதிய நெறி வகுக்கப்பட்டது. வளாகத்தின் உட்பொருளாயிருந்த முகமூடி இவ்வாறு இணையம் முழுமைக்கும் அளவுகோலாயிற்று.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியும் நினைவிற் கொள்ளத்தக்கது. 36 என்னும் வலையில் அதற்கு 16,777,216 முகவரிகள் இருந்தன. எத்துணைப் பெரிய வளாகமாயினும் அத்துணை எண்கள் அதற்கு வேண்டுவன அல்ல. மற்றோர்க்கோ முகவரிகள் அருகி வந்தன. அந்நிலையில் அப்பல்கலைக்கழகம் தன் கணினிகளைச் சிறிய தொகுதிகளிலுள்ள வேறு முகவரிகளுக்கு மாற்றிக்கொண்டு, 36 என்னும் பெருந்தொகுதியை 2000ஆம் ஆண்டில் பொதுப் பயனுக்கெனத் திருப்பி அளித்தது. ஒரு வளாகத்தின் எண்களையெல்லாம் மாற்றுதல் எளிய செயலன்று. பழைய எண் எழுதப்பட்ட இடங்களையெல்லாம் தேடித் திருத்தவேண்டும். அவ்வுழைப்பை அது மேற்கொண்டது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகுதி ஆசிய பசிபிக் நாடுகளுக்கு முகவரி வழங்கும் பதிவகத்திற்கு அளிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொது இருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் வழங்கப்பட்டு, அவ்விருப்பு முற்றும் தீர்ந்தது. 128 பிட்டுகள் கொண்ட புதிய முகவரி முறை இன்று பரவி வருகின்றது.

பெருஞ்செல்வம் உடையார்க்கும் பகுக்கும் அறிவு வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. 1 கோடியே 67 லட்சத்திற்கும் மேற்பட்ட எண்கள் இருந்தும், அவற்றை ஒழுங்குபடுத்தும் நெறி தோன்றும்வரை அவ்வளாகம் இடர்ப்பட்டது. நெறி தோன்றியபின், சிறிய தொகுதிகளைக் கொண்டே அது நிறைவாக இயங்கிற்று. மிகுதியைப் பிறர்க்கும் வழங்கிற்று. உள்ளே செம்மையாகப் பகுத்துக்கொள்ளுதல், வெளியார்க்குச் சுமையாகாதிருத்தல், தேவைக்கு மிஞ்சியதைப் பொதுவில் விடுதல் ஆகிய மூன்றும் கணினி வலைக்கு மட்டுமன்றிக் கூடிவாழும் மாந்தர்க்கும் உரியனவன்றோ!