மாதிரிப் பீரங்கியும் மரபின் மெய்ம்மையும்

முன்னுரை

ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே நம் 'பீரங்கி'. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லி நிற்கிறது. கோட்டை வாயில்களில் துருவேறிக் கிடக்கும் பழம்பீரங்கிகளை நாம் கண்டிருக்கிறோம். அவற்றைப் போன்றே புதிதாகச் செய்து, பழம்போர்களை மக்கள் முன் நடித்துக் காட்டும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861-1865) நடிப்போர் பீரங்கியையும் அதன் வண்டியையும் எவ்வாறு படியெடுக்கின்றனர், எவ்விடத்தில் மூலத்தினின்று விலகுகின்றனர் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

இருவகை மாதிரிகள்

மாதிரிகள் கண்ணுக்கெனவும் செயலுக்கெனவும் இருவகைப்படும். 1863இல் பெரும்போர் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் களத்தில், 1890களில் வார்ப்பிரும்பு வண்டிகள் செய்து, பழைய குழல்களை அவற்றின் மேல் ஏற்றி வைத்தனர். தொலைவில் நின்று நோக்குவார்க்கு அவை மரவண்டிகளே. மழைக்கும் வெயிலுக்கும் அவை தாங்கும். ஆயின் குதிரை பூட்டிக் களத்தில் ஓட்டுவதற்கு உதவா. நடிப்போர்க்கு வேண்டுவது செயலுக்குரிய மாதிரியே.

குழல்

அப்போரில் பெரிதும் வழங்கியது 1857ஆம் ஆண்டு மாதிரியான 'நெப்போலியன்' பீரங்கி. வெண்கலத்தால் வார்த்த அதன் குழல் ஏறத்தாழ 550 கிலோ எடையுடையது; துளையின் விட்டம் 4.62 அங்குலம், குண்டின் எடை 12 பவுண்டு.

வார்ப்பில் மறைந்து கிடக்கும் குமிழியோ வெடிப்போ உயிரைக் கொள்ளும். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையின்போது, தம் பக்கத்துப் பீரங்கி வெடித்துச் சிதறியதாலேயே மாண்டார். ஆதலின் இன்று வார்ப்பிரும்பில் குழல் செய்வோர், உள்ளே 3/8 அங்குலக் கனமுள்ள, இணைப்பில்லாத எஃகுக் குழாயைச் செருகுகின்றனர். இது மூலத்தில் இல்லாதது. புறத்தோற்றம் வரலாற்றுக்கும், அகம் மனித உயிருக்கும் கடன்பட்டது எனலாம்.

வண்டி

அச்சாணியின் அருமையை வள்ளுவர்வழி அறிந்த நமக்கு வண்டியின் சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெப்போலியன் வண்டியின் சக்கரம் 57 அங்குல விட்டமும் 14 ஆரக்கால்களும் உடையது. வட்டை ஏழு துண்டுகளால் ஆயது. ஒவ்வொரு துண்டும் இரண்டு ஆரக்கால்களை ஏற்கும். ஆரக்கால்கள் குடத்தினின்று சற்றே வெளிநோக்கிச் சாய்ந்து நிற்கும். மேடுபள்ளத்தில் வண்டி சாயும்போது, சுமை மிகுதியாக விழும் தாழ்ந்த சக்கரத்தின் கீழ் ஆரக்கால் செங்குத்தாக நின்று அச்சுமையைத் தாங்கும்.

பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை வட்டையின்மேல் ஏற்றி நீரூற்றினால், அது சுருங்கி மூட்டுகளையெல்லாம் இறுக்கிவிடும். நம் மாட்டுவண்டி செய்யும் தச்சரும் கொல்லரும் கையாண்ட நுட்பமும் இதுவே. இங்கே மூலத்தைப் பிசகாமல் பின்பற்றுவதே பாதுகாப்புமாகும்.

பயிற்சி

நடிப்பில் குண்டு இடுவதில்லை, கருமருந்து மட்டுமே. ஆயினும் முன் வெடிப்பின் கனல் குழலுள் தங்கியிருப்பின், அடுத்த மருந்தை இடிப்பவர் தம் கைகளை இழப்பார். ஆகவே ஈரத் துடைப்பால் குழலைத் துடைக்கின்றனர். அவ்வேளையில் மற்றொருவர் தோலுறை அணிந்த கட்டைவிரலால் திரித்துளையை மூடிக் காற்றோட்டத்தைத் தடுக்கிறார். போர்க்காலத்து வீரர் கைக்கொண்ட இம்முறை இன்றும் மாறவில்லை.

முடிவுரை

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர், மூலத்தினின்று தாம் விலகிய இடத்தை அடிக்குறிப்பில் காட்டுதல் அறம். பீரங்கியைப் படியெடுப்போர்க்கும் அவ்வறம் உண்டு. எஃகுக் குழாய் உள்ளிருப்பதைக் காண்போர்க்கு அவர்கள் சொல்லவேண்டும். பழைய குழல்களின் வாய்முகத்தில் வார்த்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். மாதிரியில் 1862 என்று பொறிப்பது அழகாயினும் பொய்யாகும். செய்த ஆண்டையே பொறிப்பின், நாளை அதனைக் காணும் மாணவர் ஏமாறார். விலக வேண்டிய இடத்தில் விலகுவதும் அதனை மறையாது உரைப்பதுமே பழமைக்கு நாம் செலுத்தும் மரியாதை.