நாட்பட்ட வைரசு ஈரலழற்சியில் ஈரற்கலங்கள் இறப்பது எவ்வாறு?

மாணவர்களே, ஈரலில் அழற்சி ஏற்படுதல் ஈரலழற்சி எனப்படும். பி வைரசும் சி வைரசும் ஆறு மாதங்களுக்கு மேல் உடலில் நிலைத்திருப்பின் அது நாட்பட்ட ஈரலழற்சி ஆகும்.

“ஈரற்கலத்தினுள் புகுந்த வைரசு அதனை வெடிக்கச் செய்து கொல்கின்றது” என விடை எழுதாதீர்கள். இவ்விரு வைரசுகளும் தாம் பெருகும் கலத்தைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. கொல்வது எமது நிர்ப்பீடனத் தொகுதியே. அது நிகழும் ஒழுங்கை விளங்கிக்கொள்ளுங்கள்.

1. தொற்றுக்குள்ளான கலம் வைரசுப் புரதத்தின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பிற் காட்டும்.

2. ரீ-நிணநீர்க்குழியம் எனும் வெண்குழியம் அத்துண்டை அந்நியப் பொருளென இனங்கண்டு கலத்துடன் ஒட்டிக்கொள்ளும்.

3. அது பெர்போரின் எனும் புரதத்தின் உதவியுடன் கிரான்சைம் எனும் நொதியத்தைக் கலத்தினுட் செலுத்தும்.

4. இதனால் கலம் தன்னைத்தானே அழிக்கத் தொடங்கும். கரு துண்டாகும், கலம் சுருங்கிச் சிதறும், தின்குழியங்கள் அத்துண்டுகளை விழுங்கும். இது திட்டமிட்ட கல இறப்பு எனப்படும்.

5. வேறு சில கலங்கள் வீங்கி உடைந்து இறக்கும். சேதமுற்ற கலங்களிலிருந்து ஏ.எல்.ரி எனும் நொதியம் குருதியிற் சேரும். குருதிப் பரிசோதனையில் இதன் அளவு பார்க்கப்படுவது இதனாலேயே.

தாக்குதல் பலமாயின் கலங்கள் பல இறப்பினும் வைரசு அகற்றப்படும். பலவீனமாயின் வைரசு எஞ்சும்; கல இறப்பும் ஆண்டுக்கணக்கில் தொடரும். பிறக்கும்போது பி வைரசு தொற்றும் குழந்தைகளுள் ஏறத்தாழ 90 சதவீதத்தினரில் அது நாட்பட்டதாகும். வளர்ந்தோரில் இது 5 சதவீதத்திலும் குறைவு. குழந்தையின் நிர்ப்பீடனத் தொகுதி முதிர்ச்சியடையாதிருப்பதே இதற்கு முக்கிய காரணம்.

ஈரல் மீளுருவாகும் ஆற்றல் உடையது. எனினும் கலங்கள் இறப்பதும் புதியன தோன்றுவதும் ஓயாது தொடரும்போது, இடையே கொலாஜன் நார்கள் படிந்து தழும்பாகின்றன. தழும்பு ஈரல் முழுவதும் பரவிய நிலை சிரோசிசு ஆகும். மீண்டும் மீண்டும் நிகழும் கலப்பிரிவின்போது பிறழ்வுகள் சேர்வதால் ஈரற் புற்றுநோயும் ஏற்படலாம்.

நினைவிற் கொள்க: இலங்கையில் 2003 இல் பி வைரசுக்கான தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. சி வைரசுக்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் சில மாதங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம்.

மாதிரி வினா: நாட்பட்ட பி தொற்றுள்ள ஒருவருக்குச் செங்கண்மாரி இல்லை, உடல்நலமாகவே உணர்கின்றார். எனினும் அவர் ஒழுங்காகப் பரிசோதனை செய்வது ஏன் அவசியம்?

விடை: இறக்கும் கலங்களை ஈரல் ஈடுசெய்வதால் நீண்டகாலம் அறிகுறி தோன்றாதிருக்கலாம். அக்காலத்திலும் கல இறப்பும் தழும்பேற்படுதலும் தொடரலாம். பரிசோதனை மூலம் இதனை முன்கூட்டியே அறிந்து, வைரசு பெருகுவதை மருந்துகளால் கட்டுப்படுத்தினால் சிரோசிசு, புற்றுநோய் ஆகியன ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கலாம்.