குஞ்சுக்கூட்டை ஈரமின்றிச் சுத்தமாக வைத்திருத்தல்

நெல்லும் மரக்கறியும் செய்வதுடன் கோழியும் வளர்க்கும் கமக்காரர் சிலர், வாங்கிய குஞ்சுகளுட் பலவற்றை மூன்றாம், நான்காம் வாரங்களில் இழந்துவிடுகின்றனர். தீனியிற் குறையுண்டென எண்ணி அதனை மாற்றுவோரும் உளர். ஆயினும் பல வேளைகளிற் பிழை தீனியில் அன்று. கூட்டின் தரையிலேயே உள்ளது.

ஈரத்தால் விளையுங் கேடு

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர், நோயுற்ற குஞ்சின் எச்சத்துடன் வெளியேறுகின்றது. வெளியேறிய உடனே அது நோயை உண்டாக்க வல்லதன்று. சூடும் ஈரமும் காற்றும் கிடைப்பின் ஓரிரு நாளில் முதிர்ந்து, படுக்கையைக் கிளறித் தின்னும் ஏனைய குஞ்சுகளின் குடலை அடைகின்றது. குஞ்சுகளுக்குச் சூடும் காற்றும் இன்றியமையாதன. ஆகவே, ஈரத்தை நீக்குதலே நாம் செய்யக்கூடியது. சாதாரண கிருமிநாசினிகள் இந்நுண்ணுயிரை எளிதில் அழிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. ஈரமான உமியிற் பூஞ்சணம் பிடித்தாற் சுவாசநோயும் உண்டாகும்.

செய்யவேண்டியவை

1. குஞ்சுகள் வருமுன் பழைய உமி முழுவதையும் அகற்றி, தரையைச் சுரண்டிக் கழுவி, நன்கு உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசுக. முதல்நாளே விளக்கை ஏற்றித் தரையைச் சூடாக்குக.

2. காய்ந்த உமியை 2 அங்குல உயரத்திற்குப் பரப்புக. ஆலையிலிருந்து கொணர்ந்த உமியை வெயிலிற் காயவிட்ட பின்னரே இடுக. நுண்ணிய மரத்தூளைக் குஞ்சுகள் தின்னுமாதலால் அது ஏற்றதன்று.

3. கூட்டில் ஈரம் பெரும்பாலுந் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியே உண்டாகின்றது. கம்பிவலை அடித்த தாழ்ந்த சட்டத்தின்மேற் பாத்திரத்தை வைப்பின், சிந்தும் நீரிற் குஞ்சுகள் மிதிக்கமாட்டா.

4. நாடோறும் காலையில் ஒரு பிடி உமியை எடுத்து இறுகப் பொத்திப் பார்க்க. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நன்று. கட்டியாக நின்றால் ஈரம் மிகுந்துள்ளது. அவ்விடத்து உமியை அகற்றிப் புதியதை இட்டு, எஞ்சியதைக் கிளறிவிடுக.

5. நெருக்கம் ஈரத்தைப் பெருக்கும். நான்கு வாரம் வரை குஞ்சொன்றுக்கு அரைச் சதுர அடியாக, 50 குஞ்சுகளுக்கு 25 சதுர அடி இடம் வேண்டும்.

6. மாரிகாலத்திற் கூடு முழுவதையுஞ் சாக்கினால் மூடிவிடுதல் தவறு. சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, குஞ்சுகளின் தலைக்கு மேலாகக் காற்றோட்டத்திற்கு இடம் விடுக. கூட்டினுட் குனியும்போது கண் கரித்தால் காற்றோட்டம் போதாது என்பது கருத்து.

7. முதலிற் குஞ்சுகளையும் பின்னரே பெரிய கோழிகளையும் கவனிக்க.

எச்சத்தில் இரத்தங் காணப்படின், அல்லது குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்பின், தாமதியாது மிருக வைத்தியரை நாடுக.

அகற்றிய உமியைக் கூட்டின் அருகே கொட்டலாகாது. தூரத்திற் குவித்து மக்கவிட்டால், மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு நல்ல எருவாகும். குஞ்சுக்குக் கேடாவது தோட்டத்திற்குப் பயனாகும்.