அந்த நம்பர் எங்கிருந்து வந்தது?

பள்ளியில், தாமானில், ஏன், சில திருவிழாக்களில்கூட ‘நம்பர்’ பேச்சு அடிபடுகிறது. யார் எந்த நம்பர், யார் தைக்கோ என்று கேட்டால் நம் பையன்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

36, 72, 108 எல்லாம் சீன இரகசியச் சங்கங்களின் பழைய குறியீட்டு எண்கள். அவற்றில் சேர்பவர் 36 சத்தியங்கள் எடுக்க வேண்டும். சட்டையில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் எண் நம்முடையதே இல்லை! தெரியாத சரித்திரம்தான் ‘கெத்து’ ஆகிறது. அதனால் இம்மாதப் பாடம், குண்டர் கும்பல் வரலாற்றை எப்படித் தேடி எழுதுவது என்பது. நான்கு கேள்விகள் போதும்.

1. பதிவு எங்கே?

வாய்க்கதையை மட்டும் நம்பாதீர்கள். 1867 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் சுமார் பத்து நாள் கலவரம் நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக்கொடிக் கூட்டமும். மறுபக்கம் தோ பே கோங் சங்கமும் செங்கொடிக் கூட்டமும். கொடிக் கூட்டங்களில் மலாய்க்காரர்களோடு இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். இது “சீனர் சண்டை” இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. இதை நாம் அறிவது, 1868-இல் விசாரணைக் குழு அறிக்கை எழுதியதால். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம்.

2. எழுதியவர் யார்?

மலாயாவின் சீன இரகசியச் சங்கங்கள் பற்றி வில்ஃபிரட் பிளைத் 1969-இல் வெளியிட்ட நூல் மிக முக்கியமானது. ஆனால் அவர் காலனி அரசின் அதிகாரி. சங்கங்களை ஒடுக்கிய ஆட்சியின் கண்ணால்தான் பார்க்கிறார். கும்பல்காரன் சொன்னால் அது வீரக்கதை. போலீஸ் எழுதினால் அது குற்றப்பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சுங் கெங் குவீயை எடுத்துக்கொள்ளுங்கள். லாருட் சண்டையில் ஹை சான் தலைவர். பிறகு அவரே கப்பித்தான், பேராக் ஆட்சி மன்ற உறுப்பினர். பினாங்கு சர்ச் ஸ்திரீட்டில் அவருடைய பச்சை மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகம். ஒரே மனிதர், ஒரு ஃபைலில் குண்டர் தலைவர், இன்னொன்றில் கனவான்.

3. காசு எங்கே போனது?

லாருட்டில் ஈய லம்பங்களுக்காக 1861 முதல் கீ ஹின்னும் ஹை சானும் விட்டுவிட்டு மோதின. 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம் வந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட்டும் வந்தார். சண்டை போட்ட கூலிகளுக்கு என்ன கிடைத்தது? கடனோடு கப்பல் ஏறி வந்தவனுக்குச் சங்கம் வேலை கொடுத்தது, செத்தால் அடக்கம் செய்தது. வாங்கிய கூலியோ அபினுக்கும் சூதாட்டத்துக்கும் போனது. அபின் குத்தகையில் அரசாங்கத்துக்கும் பெருவருமானம். தலைவர்கள் செல்வந்தர்கள் ஆனார்கள்; கூலி கூலியாகவே இருந்தான்.

நம் கதையும் வெகுதூரம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் போய், பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களின் பையன்களிடம் “நாங்க இருக்கோம்டா” என்று யார் முதலில் சொன்னது? இதை எழுதுவது கும்பலுக்கு வக்காலத்து இல்லை. காரணம் தெரியாமல் வேரைப் பிடுங்க முடியாது, அவ்வளவுதான்.

4. யார் பெயர் இல்லை?

அறிக்கைகளில் தலைவர்கள் பெயர் இருக்கும். செத்த கூலியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவன் அம்மா, மனைவி பற்றி ஒரு வரியும் இருக்காது. நீங்கள் எழுதும்போது அந்த இடத்தை நிரப்பப் பாருங்கள். தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் அனுமதித்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒரு கண்டிப்பு: உயிரோடு இருப்பவர் பெயரைப் போட்டு “இவர் கேங்” என்று எழுதாதீர்கள். தகவலுக்காகக் கும்பல்காரர்களைத் தேடிப் போகவே போகாதீர்கள். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அவற்றின் சின்னத்தை விளையாட்டுக்குப் பகிர்வதும் வினையாக முடியும்.

கலந்துரையாடுங்கள்

• 1867 மோதலுக்கு முகரம் ஊர்வலத் தகராறும் ஒரு காரணம். இன்று தைப்பூசத்தில் நம்பர் சட்டையோடு வருபவனிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வீர்கள்?

• கும்பல் கொடுப்பதாகச் சொல்லும் பாதுகாப்பு, மரியாதை, நட்பு – இவற்றில் எதை நம் கிளையால் கொடுக்க முடியும்?

• உங்கள் ஊரின் பழைய கும்பல் சண்டை ஒன்றைப் பத்திரிகையில் தேடுங்கள். இறந்தவர் பெயர் இருக்கிறதா? அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரிலிருந்து தொடங்குவோம்.