இனிப்புத் தண்ணி மீனைக் கொல்லுமா?

காவிரி மீன் ருசி நமக்குத் தெரியும். 2018 மே மாதம் பஞ்சாபில் பியாஸ் ஆற்றில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஒரு சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பாகு ஆற்றில் கலந்ததே காரணம்.

மொலாசஸ் விஷமில்லை, மாட்டுத் தீவனத்தில்கூட சேர்க்கிறார்கள். பிறகு எப்படி? வெல்லத் தண்ணியை இரண்டு நாள் வைத்தால் புளித்து நுரைக்குதே, கிருமிகள் இனிப்பைத் தின்று பெருகுவதால்தான். ஆற்றிலே அவை தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும்.

ஆலைக் கழிவுநீரிலும் சர்க்கரை உண்டு, கூடவே எண்ணெய். எண்ணெயைப் பிரித்து, மூடிய தொட்டியில் கிருமிகளை விட்டே இனிப்பைத் தின்ன வைக்கலாம். சாண எரிவாயு மாதிரி கேஸும் கிடைக்கும்! அப்புறம் காற்றடித்துத் தெளிய விடணும். 2016 விதிப்படி ஒரு டன் கரும்புக்கு 200 லிட்டருக்கு மேல் கழிவுநீர் வரக்கூடாது. கரும்பிலேயே சுமார் 70 சதவீதம் தண்ணீர்தானே, அதையே திரும்பப் பயன்படுத்தலாம்.

(கெலவரப்பள்ளி அணை நுரை வேறு கதை. அது பெங்களூரு பக்கத்துச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும்.)

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீர் அழுகிய முட்டை போல நாறினால், நாள், இடம் குறித்துக் குழுத் தீர்மானமாக எழுதி ஓசூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுப்போம். செத்து மிதக்கும் மீனை யாரும் வாங்க வேண்டாம்.