பழைய காருக்குப் புது கியர் ஆயில் ஆகாதா?

கேள்வி: என்னுடையது 2006-ம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஆட்டோமேட்டிக். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் ஆயிலை மாற்றியதே இல்லை. ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. "இத்தனை வருஷம் கழித்து மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும்" என்கிறார் மெக்கானிக். புது ஆயில் எப்படிக் கெடுதல் செய்யும்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் பார்த்தது உண்மை; காரணம்தான் வேறு.

பழைய ஆயிலில் மிதக்கும் தூள்தான் கிளட்ச் தட்டுகளுக்குப் பிடிப்புத் தருகிறது, அதை வடித்தால் வழுக்கும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? தட்டின் மேலுள்ள உராய்வுப் பூச்சு தேய்ந்து உதிர்ந்ததுதான் அது. பெரும்பாலானோர் வழுக்கல் வந்த பிறகே ஆயில் மாற்ற வருகிறார்கள். அதாவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. அந்த நிலையில் பூச்சு முடிந்துபோயிருக்கும். எந்த ஆயிலும் அதை மீட்காது. கொஞ்ச நாளில் கியர் பாக்ஸ் நின்றதும் பழி ஆயில்மேல் விழுகிறது.

உங்கள் வண்டியில் வழுக்கல் இல்லை என்பதால் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். இந்த ஆயில் உயவுக்கு மட்டுமல்ல. கிளட்சை அழுத்திப் பிடிப்பதும் சூட்டைக் கடத்துவதும் இதுவே. சூட்டில் வருஷக்கணக்காக வெந்தால் அதன் சேர்மானங்கள் தீர்ந்துவிடும்.

முதலில் சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் P-யில் வையுங்கள். அளவுகோலை (டிப்ஸ்டிக்) துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியை வெள்ளைத் தாளில் ஒற்றுங்கள். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு வெறும் சாயம், பழுப்பாவது இயல்பு. முகர்ந்து பாருங்கள். கருகிய நெடி அடித்தால் தட்டு தீய்ந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது; வண்டியை ஓட்டவே கூடாது.

அடித்தொட்டியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தங்களை விரலால் தடவுங்கள். கண்மைபோல் வழவழப்பான சாம்பல் பசை ஒட்டினால் வயதுக்கேற்ற தேய்மானம். இரும்புச் சில்லு குத்தினால் ஆயில் செலவை நிறுத்திவிட்டுக் கியர் பாக்ஸைப் பிரிக்கும் பேச்சைத் தொடங்க வேண்டியதுதான்.

வடிகால் திருகைக் கழற்றினால் சுமார் 3 லிட்டர்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரில், அதாவது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் உருளையில், தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டர் என்று வைத்தால் ஒருமுறை மாற்றும்போது பாதிகூடப் புதிதாகாது. அதற்காக மிஷின் வைத்து அழுத்தத்தில் கழுவச் சம்மதிக்காதீர்கள். அடியில் படிந்த கசடு கிளம்பி, ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்துளைகளை அடைக்கலாம். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினால் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும். ஃபில்டரை முதல் முறையிலேயே பார்த்துவிடுங்கள்.

வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். கூடினால் நுரைத்து அழுத்தம் குறையும். உங்கள் காருக்கு டைப் டி-4 ஆயில். கடையில் "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று வேறொன்றை நீட்டினால், டப்பாவில் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.