விரலால் வாசிக்கும் கணினி

பார்வையற்றோர் பலர் கணினியைக் குரல் மூலம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் குரல் எழுத்தைக் காட்டாது. ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் விழலாம், விரல் ஏமாறாது. பிரெயிலில் ‘ல’ இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ‘ள’ வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். கணினித் திரையிலுள்ள எழுத்துகளை, எழுந்து தாழும் சிறு ஊசிமுனைகளாக விரலுக்குத் தருவதே பிரெயில் டிஸ்ப்ளே.

அதை விண்டோஸ் கணினியில், என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானுடன் பொருத்தும் முறையைக் கவனிப்போம்.

1. கருவியை யுஎஸ்பி வடத்தாலோ புளூடூத்தாலோ இணைக்க வேண்டும். சில கருவிகளுக்கு அவற்றைத் தயாரித்தவர் தரும் மென்பொருளையும் முதலில் நிறுவ வேண்டும்.

2. என்விடிஏ இயங்கும்போது இன்சர்ட், கண்ட்ரோல், ஏ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கருவிகளின் பட்டியல் திறக்கும். ‘தானாக’ என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலான கருவிகளை அதுவே கண்டுகொள்ளும். இல்லையேல் கருவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. அமைப்புகளில் பிரெயில் பகுதிக்குச் சென்று, வெளியீட்டு அட்டவணையில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் படியையே நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆங்கில அட்டவணை இருந்தால் ஊசிகள் எழும். ஆனால் தமிழ் சரியாக வராது. வாசிப்பவரோ பிழை தம் விரலில் என்று எண்ணிச் சோர்ந்துபோவார்.

ஆகவே கருவியை வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிவதில்லை. அவர் அருகே அமர்ந்து, அவர் தம் பெயரைத் தமிழில் தடவி வாசிக்கும்வரை பொறுத்திருப்போம்.